சர்வர் இல்லாத காலமும் சானல் வெள்ளமும்

பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் கூட்டல் கழித்தல் பார்க்கிறவன் கம்ப்யூட்டர் சரித்திரம் எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் எழுத வைத்தது ஒரு சாவு. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு நாற்பது குடும்பம் இருக்கிறோம். குளத்தூர், பாறசாலை, பூவாறு, எல்லைக்கு அப்பால் களியக்காவிளை என்று சுற்றுவட்டாரம். கேரளத்தில் எங்களைத் தமிழர் என்பார்கள், தமிழ்நாட்டில் மலையாளி என்பார்கள், இங்கே இரண்டு சங்கத்திலும் சந்தா கேட்பார்கள் :-) மாதம் ஆளுக்கு இருபது வெள்ளி போட்டு ஒரு நிதி வைத்திருக்கிறோம். ஊரில் யாருக்காவது அப்பா, அம்மா தவறிவிட்டால் அன்று ராத்திரியே டிக்கெட் எடுக்க அந்தப் பணம். கணக்கு எழுதுவது நான். வங்கிக்காரன் என்றால் எங்கே போனாலும் இதுதான் தலையெழுத்து.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள், "அப்பா, இதுக்கு ஒரு சின்ன ஆப் பண்ணித் தரேன். சர்வர்லெஸ், காசே ஆகாது" என்றாள். செய்தும் கொடுத்தாள். யார் பணம் கட்டினார்கள், மீதி எவ்வளவு, இந்த வாரம் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் போனிலேயே தெரிந்தது. நான் நோட்டை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு நண்பர் ஒருவர் அழைத்தார். ஊரில் அப்பா போய்விட்டார். ஆப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒன்றும் வரவில்லை. மகளை எழுப்பினேன். இலவசமாக இடம் கொடுத்திருந்த அந்த நிறுவனம் (பெயர் எதற்கு, விடுங்கள்) இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது. முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அது போய்ச் சேர்ந்தது இதற்கென்றே அவள் தொடங்கி, பிறகு யாருமே திறக்காத ஒரு முகவரிக்கு.

போன் போட்டு ஆள் ஆளாகக் கேட்டுப் பணம் திரட்டி, விடிகாலை விமானத்தில் அவரை அனுப்பிவிட்டோம். அது பெரிய விஷயமில்லை. மறுநாள்தான் வயிறு கலங்கியது. நாற்பது குடும்பத்தின் எட்டு மாதக் கணக்கு என் கையில் இல்லை.

"மக்களே, சர்வரே இல்லைன்னியே, அப்போ நம்ம கணக்கு எங்கதான் இருந்தது?" என்று கேட்டேன்.

"சர்வர் இருந்துச்சுப்பா. வேற ஒருத்தங்க வீட்டுல இருந்துச்சு."

இந்தப் பதில் என்னை நேராக மாமி வீட்டுச் சானல் கரைக்குக் கொண்டு போய்விட்டது.

அடுத்தவன் கையில் ஷட்டர்

1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை வரைந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எங்கள் குளத்தூர் இந்தப் பக்கம். என் மாமியை (அப்பாவின் அக்காள், எங்கள் பக்கம் மாமி என்போம்) கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம். நெய்யாறு அணை 1950-களின் கடைசியில் முடிந்தது. அதன் இடதுகரைச் சானல் எல்லை தாண்டிப் போய் விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கருக்கு வெள்ளம் கொடுத்தது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் அந்தச் சானலில்தான் குளியல்.

சானல் வந்த பிறகு மாமி வீட்டில் விளைக் கிணற்றை யாரும் தூர்வாரவில்லை. வாழைக்கும் மரச்சீனிக்கும் வெள்ளம் தானாக வரும்போது கிணறு எதற்கு? 2004-ல் கேரளம் அந்த நீரை நிறுத்தியது. நெய்யாறு முழுக்கக் கேரளத்துக்குள் ஓடும் ஆறு, இரு மாநில ஆறே அல்ல என்பது அவர்கள் வாதம். தமிழ்நாடு 2012-ல் உச்ச நீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உள்ளவன். எனக்குத் தெரிந்தது மாமி வீட்டில் பார்த்ததுதான். ஷட்டர் இருந்தது வேறு கையில். கிணறு தூர்ந்து கிடந்தது.

சர்வர்லெஸ்ஸின் கதையையும் இப்படிப் பார்த்தால் என்னைப் போன்ற வணிகவியல்காரனுக்குப் புரிகிறது.

கிளைக்குள் இருந்த சர்வர்

இந்திய வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைந்ததற்கு அடிப்படை ரங்கராஜன் குழு 1984-ல் கொடுத்த அறிக்கை. லெட்ஜரில் பதிவு போடும் இயந்திரங்கள் அதன் பிறகு வந்தன. நான் 2000-களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு கிளைக்கும் சொந்தமாக ஒரு சர்வர். மேலாளருக்கு மின்விசிறிதான். சர்வருக்கு மட்டும் ஏ.சி. அறை. மே மாத வெயிலில் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த அறைக்குள் போய் நிற்போம்.

சாயங்காலம் டே எண்ட் போட வேண்டும், டேப்பில் பேக்கப் எடுக்க வேண்டும், அந்த டேப்பை ஒருவர் பத்திரமாக வேறு இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். கரண்ட் போனால் யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்று வயிற்றில் புளி கரையும். ஒரு கிளையின் வாடிக்கையாளர் இன்னொரு கிளையில் பணம் எடுக்க முடியாது. மொத்தத்தில் சொந்தக் கிணறு. இறைப்பதும் நாம், தூர்வாருவதும் நாம்.

அப்புறம் கோர் பேங்கிங் வந்தது. கிளைக் கணக்கெல்லாம் எங்கோ ஒரு டேட்டா சென்டருக்குப் போனது. ஏ.சி. அறையைக் காலி செய்து ஸ்டேஷனரி அடுக்கினோம். இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. 'சர்வர்லெஸ்' என்ற வார்த்தையைக் கேள்விப்படுவதற்குப் பல வருடம் முன்பே எங்கள் கிளை சர்வர்லெஸ் ஆகிவிட்டது! சர்வர் மறைந்துவிடவில்லை, எங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது. லைன் கட் ஆகிவிட்டால் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து நிற்பதும் அன்றே தொடங்கியது.

மணி வாடகையும் மில்லிசெகண்ட் வாடகையும்

கம்ப்யூட்டர் சக்தியைத் தண்ணீர், மின்சாரம் போலப் பொதுச் சேவையாக விற்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி 1961-லேயே சொன்னார். அது கடைச்சரக்காக வர நாற்பத்தைந்து வருடம் ஆனது. 2006 மார்ச்சில் அமேசான் 'எஸ்3' என்று ஃபைல் வைக்கும் இடத்தை வாடகைக்கு விட்டது. ஆகஸ்டில் 'இசி2' என்று கம்ப்யூட்டரையே வாடகைக்கு விட்டது. மணிக்கு பத்து சென்ட்.

எங்கள் பாஷையில் சொன்னால், மூலதனச் செலவு வருவாய்ச் செலவாக மாறியது. ஐந்து லட்சம் போட்டு இயந்திரம் வாங்கித் தேய்மானம் எழுத வேண்டாம், மாதப் பில் கட்டினால் போதும். ஆனால் அந்த வாடகை வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் ஓடும். எங்கள் நிதி ஆப்பை ஒரு நாளைக்கு நாலு பேர் பார்ப்பார்கள். அதற்காக இருபத்து நாலு மணி நேரமும் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டுமா?

வேண்டாம், ஓடின நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று முதலில் கடை போட்டவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த ஃபோட்டாங்கோ. அவர்களுடைய சேவைக்கு 'ஜிம்கி' என்று பெயர். 2006-ல் வந்தது, 2007 முடியும்போது மூடிவிட்டார்கள். காலத்துக்கு முந்திப் பிறந்த பிள்ளை. 2008-ல் கூகுள் 'ஆப் எஞ்சின்' கொண்டு வந்தது. 2014 நவம்பரில் அமேசான் 'லாம்டா'வை அறிவித்தது. அங்கிருந்துதான் இந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது.

லாம்டாவின் ஏற்பாடு இதுதான். நீங்கள் கொடுப்பது ஒரு சின்ன ஃபங்ஷன், ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல். யாராவது கூப்பிட்டால் அது எழுந்து, வேலையை முடித்து, மறுபடி படுத்துவிடும். பத்து லட்சம் அழைப்புக்கு இருபது சென்ட், அதோடு ஓடின நேரத்துக்குத் தனியாக. முதலில் நூறு மில்லிசெகண்ட் கணக்கில் பில் போட்டார்கள், 2020 டிசம்பரிலிருந்து ஒரு மில்லிசெகண்ட் கணக்கில். மாதம் முதல் பத்து லட்சம் அழைப்புக்குக் காசே இல்லை என்றும் வைத்தார்கள். 2015 ஜூலையில் 'ஏபிஐ கேட்வே' வந்தது. அதன் பிறகு இந்த ஃபங்ஷனுக்கு ஒரு வெப் முகவரி கொடுத்து உலகத்துக்கே திறந்துவிடலாம் என்றானது. 2016-ல் மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் இதே மாதிரி கடை திறந்தன.

ஏபிஐ என்றால் கவுண்டர்

ஏபிஐ என்பதை நான் வங்கிக் கவுண்டர் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் லாக்கர் அறைக்குள் வரக்கூடாது. கவுண்டரில் குறிப்பிட்ட படிவத்தை நீட்டலாம், குறிப்பிட்ட பதில் கிடைக்கும். படிவம் தப்பாக இருந்தால் திருப்பித் தந்துவிடுவோம். உள்ளே நாங்கள் லெட்ஜர் மாற்றினாலும், கம்ப்யூட்டர் மாற்றினாலும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

வெப் வழியாக இப்படிக் கவுண்டர் திறப்பது 2000-ல் தொடங்கியது. அந்த வருடம் ஈபே தன் ஏபிஐயை வெளியிட்டது. ராய் ஃபீல்டிங் கலிஃபோர்னியாவில் தன் முனைவர் பட்ட ஆய்வில் 'ரெஸ்ட்' முறையை எழுதியதும் அதே வருடம்.

நம் ஊரில் இது பணத்தில் இறங்கியது. என்.பி.சி.ஐ. 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் தொடங்கியது, ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் பணம் போக ஆரம்பித்தது. 2016 ஏப்ரல் 11-ல் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கி வைத்தார். பெட்டிக்கடையில் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு தடவையும் உங்கள் ஆப், வங்கிகள், என்.பி.சி.ஐ. எல்லாம் ஏபிஐ வழியாக ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்கின்றன. 2023 பிப்ரவரி 21-ல் சிங்கப்பூரின் பேநவ்வும் யுபிஐயும் இணைந்தன. அம்மாவுக்குப் பணம் அனுப்ப நான் ஒரு காலத்தில் லிட்டில் இந்தியாவில் வரிசையில் நின்றவன். இரண்டு நாட்டுக் கவுண்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பார்த்தபோது கொஞ்சம் கண் கலங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். யுபிஐ சர்வர்லெஸ் இல்லை. பணம் ஓடும் இடத்தில் யார் வீட்டில் சர்வர் இருக்கிறது என்பது ரிசர்வ் வங்கிக்கு முக்கியம். பரிவர்த்தனைத் தகவல் இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் உத்தரவே போட்டது. எங்கள் மாதிரி சின்னக் கணக்குக்குத்தான் சர்வர்லெஸ் பொருத்தம்.

இரண்டாம் தடவை கட்டியது

மகள் மறுபடி கட்டினாள். இந்த முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு நிரல் தெரியும், எனக்குத் தணிக்கை தெரியும்.

முதலில் கணக்குத் திறப்பது. போன தடவை சறுக்கியது இங்கேதான். மூன்று பேர் படிக்கும் பொது மின்னஞ்சலில் திறந்தோம். முதன்மைப் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, இரண்டாம் சரிபார்ப்பை வேறு ஒருவர் போனில் வைத்தோம். வால்ட் சாவி இரண்டு பேர் கையில் இருப்பது போல. பில் ஐந்து டாலரைத் தாண்டினால் மூன்று பேருக்கும் எச்சரிக்கை வரும். இடம் சிங்கப்பூர். அமேசான் 2010-லேயே இங்கே டேட்டா சென்டர் திறந்துவிட்டது, அதனால் தூரமும் குறைவு.

அடுத்து ஃபங்ஷன்கள். பணம் வரவு வைக்க ஒன்று, மீதி பார்க்க ஒன்று, பட்டியல் எடுக்க ஒன்று. இவற்றுக்கு ஞாபகம் கிடையாது. வேலை முடிந்தால் எல்லாம் மறந்துவிடும். ஆகவே லெட்ஜர் தனியாக, ஒரு டேட்டாபேஸில். மீதி பார்க்கும் ஃபங்ஷனுக்குப் படிக்க மட்டும் அனுமதி, எழுத முடியாது. காசாளருக்கு லெட்ஜரைத் திருத்தும் உரிமை கிடையாது என்கிற அதே பழைய சட்டம்தான்.

பிறகு அமைப்பு ஃபைல் ஒன்று. எந்த முகவரிக்குக் கேட்டால் எந்த ஃபங்ஷன் எழ வேண்டும், யாருக்கு என்ன அனுமதி, எல்லாம் அதில் எழுத்தில். ரகசியச் சாவிகளை நிரலுக்குள் எழுதாமல் தனிப் பெட்டகத்தில் வைத்தாள். அப்புறம் ஒரே ஒரு கட்டளை. அந்த ஃபைலைப் படித்து, எல்லாவற்றையும் உண்டாக்கி, கடைசியில் ஒரு முகவரியைத் தந்தது. இதற்குத்தான் டிப்ளாய் என்று பெயர். இரண்டு நிமிடம்! எங்கள் கிளையில் சர்வர் நிறுவ வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே மாதக் கடைசி ஆனது நினைவுக்கு வந்தது. முதலில் சோதனைக்கு ஒரு நகல், அதில் பொய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அதே ஃபைலை வைத்து நிஜத்தை ஏற்றினாள்.

சோதனையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரில் இருக்கும் தம்பியை ஒரு வரவு போட்டுப் பார்க்கச் சொன்னேன். அங்கே சிக்னல் விட்டு விட்டு வரும். பதில் வரவில்லை என்று மூன்று தடவை அழுத்தினான். இருபது வெள்ளி அறுபதாகிவிட்டது. ஒரே செக்கை மூன்று தடவை பாஸ் செய்த மாதிரி. இதற்கு மருந்தை நான் சொன்னேன், எனக்கு ஒரே பெருமை. ஒவ்வொரு வரவுக்கும் போனிலேயே ஓர் எண் கொடுத்துவிடு, அந்த எண் ஏற்கனவே லெட்ஜரில் இருந்தால் மறுபடி எழுதாதே. "இதுக்கு எங்க பாடத்துல பெரிய பேர் இருக்குப்பா" என்றாள். இருக்கட்டும். வங்கியில் இது பாலபாடம்.

ரொம்ப நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் முதல் அழைப்புக்குக் கொஞ்சம் தாமதம் ஆகும். டீ குடிக்கப் போன அலுவலரைக் கூப்பிட்டு வருகிற நேரம். எங்களுக்கு அது பொருட்டில்லை.

கிணறு

இதெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் வங்கிக்காரன் இல்லை.

'பார்ஸ்' என்ற சேவையை நம்பி ஏராளமான ஆப்கள் கட்டப்பட்டன. ஃபேஸ்புக் அதை 2013-ல் வாங்கியது, 2016 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது, 2017 ஜனவரியில் மூடியது. ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள், மென்பொருளையும் பொதுவில் விட்டார்கள். மரியாதையான மூடல் என்று சொல்ல வேண்டும். ஆனாலும் மூடல்தான்.

எல்லாருக்கும் இது மலிவு என்றும் இல்லை. அமேசானின் சொந்தப் பிரைம் வீடியோவிலேயே ஒரு குழு, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் வேலையைச் சர்வர்லெஸ் முறையிலிருந்து சாதாரண சர்வர்களுக்கு மாற்றிச் செலவை 90 சதவீதம் குறைத்ததாக 2023-ல் எழுதியது. இடைவிடாமல் ஓடும் வேலைக்கு மீட்டர் டாக்சி கட்டுப்படியாகாது, சொந்த வண்டிதான் லாபம். நாலு தடவை போய் வருகிறவனுக்கு டாக்சி.

2025 அக்டோபர் 20-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் டேட்டாபேஸ் சேவை ஒன்றின் முகவரிப் பதிவு காலியாகப் போய்விட்டது. தானியங்கி மென்பொருளில் ஒரு பிழை. அதைத் தொட்டு லாம்டா உள்பட பல சேவைகள் தடுமாறின, பிரிட்டனில் சில வங்கிகளின் ஆப்கள்கூட நின்றன. அத்தனை பெரிய ஆளின் சானலும் ஒரு நாள் வற்றும்.

அதற்காகச் சானல் வெள்ளம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாமி வீட்டில் இரண்டு தலைமுறை அதில்தான் சாப்பிட்டது. கிணற்றை விட்டதுதான் தப்பு. மாமி மகன் பிறகு அதைத் தூர்வாரி மோட்டார் வைத்தான்.

எங்கள் கிணறு இப்போது இரண்டு. அமைப்பு ஃபைலும் நிரலும் எங்களிடமே ஒரு நகல் இருக்கிறது. இந்தக் கடை மூடினால் கொஞ்சம் மாற்றி எழுதி வேறு கடைக்குப் போகலாம். அடுத்தது கணக்கு. சனிக்கிழமை தோறும் லெட்ஜர் முழுவதும் ஒரு ஃபைலாக மூன்று வீட்டுக் கணினியில் இறங்கிவிடும்.

எட்டு மாதக் கணக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த நிறுவனத்துக்கு மகள் எழுதிப் பார்த்தாள், பழையது அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. நாற்பது வீட்டுக்கும் நானே போன் செய்தேன். ஒவ்வொருவரும் தங்கள் வங்கி ஸ்டேட்மெண்டைப் பார்த்துச் சொன்னார்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தபோது என் கணக்கில் இருந்த மீதியோடு சரியாக ஒத்துப்போனது. ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. ஒருவர்கூட என்னைச் சந்தேகமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நம்பிக்கையை இரண்டாம் தடவை சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் அலமாரியில் இருந்த நோட்டையும் மறுபடி எடுத்துவிட்டேன். சனிக்கிழமை ஃபைல் இறங்கியதும் மொத்தத் தொகையை மட்டும் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பக்கத்தில் மகளும் போடுகிறாள். "2026-ல யாருப்பா நோட்டுல எழுதுவாங்க" என்று சிரித்துக்கொண்டேதான்.